ப்ளஸ் டூவுக்கும் ஜெர்மன் வகுப்பறைக்கும் நடுவில் ஓர் ஆண்டு

புனே பக்கம் கசார்வாடியில் வளரும் பிள்ளைக்கு ஜெர்மனி அவ்வளவு தூரத்து நாடு இல்லை. மும்பை ரோட்டில் பிம்ப்ரி பக்கம் நகர்ந்தால் கே.எஸ்.பி. பம்ப் கம்பெனி, தைசென்குரூப். வடக்கே சாக்கணுக்குப் போனால் ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ்-பென்ஸ். காலையில் நாசிக் பாட்டா மேம்பாலத்தடியில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் அப்பாக்களில் யாராவது ஒருவர் டிரெயினிங்குக்கு ஸ்டுட்கார்ட் போய் வந்திருப்பார். தாபோடி, கட்கி, தேஹு ரோடு வரை பரவியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும் இப்போது அந்தப் பேச்சு அடிபடுகிறது: “அங்க ஃபீஸே கிடையாதாமே, பன்னிரண்டாவது முடிச்சதும் அனுப்பிடலாமா?”

ஃபீஸ் பற்றிய பாதி சரி. “முடிச்சதும்” என்பதுதான் தப்பு. நம்முடைய பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், அது மகாராஷ்டிர போர்டானாலும் சி.பி.எஸ்.இ. ஆனாலும் தமிழ்நாடு போர்டானாலும், அதை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்பில் நேராகச் சேர முடியாது. நடுவில் ஓர் ஆண்டு இருக்கிறது. அந்த ஆண்டை எங்கே, எப்படிக் கழிப்பது என்பதே இந்த விஷயத்தில் குடும்பம் எடுக்க வேண்டிய பெரிய முடிவு. விசா, வங்கி, விமான டிக்கெட் எல்லாம் அதற்குப் பிறகு.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பக்கத்து பில்டிங் அண்ணன் போனாரே, ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாமல் போனாரே என்பார்கள். அந்த அண்ணன் போனது எம்.எஸ். படிக்க. 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் சுமார் 49,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் நமக்குத்தான். அவர்களில் பெரும்பங்கு முதுநிலை மாணவர்கள். முதுநிலையில் ஆங்கிலவழிப் படிப்புகள் ஏராளம். இளநிலை அப்படி இல்லை. அரசுப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகள் மிகப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. ஆங்கிலத்தில் நடப்பவை கைவிட்டு எண்ணிவிடும் அளவுக்கு இல்லாவிட்டாலும், தேர்ந்தெடுக்கும் வசதி குறைவு, போட்டி அதிகம். ஆகவே எம்.எஸ். அண்ணனின் அனுபவம் வீடு பிடிக்க, மழைக்கோட்டு வாங்க உதவும். சேர்க்கைக்கு உதவாது.

புனேயிலிருந்து ஜெர்மனிக்குப் போய் ஜெர்மனிலேயே படித்தவர்கள் கிட்டத்தட்ட நூறாண்டுக்கு முன்பே உண்டு. மானுடவியலாளர் இராவதி கார்வே 1928-இல் பெர்லினுக்குப் போனார். மண்டையோடுகளின் வடிவத்தை வைத்து இன உயர்வு தாழ்வு பேசிய ஆசிரியர் ஆய்கன் ஃபிஷரின் கீழ் ஆய்வு செய்து, அளவெடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு தொடர்பே இல்லை என்று அவரிடமே ஜெர்மனில் எழுதிக் கொடுத்து முனைவர் பட்டம் வாங்கினார். ஆனால் இராவதியும் ஃபெர்குசன் கல்லூரியில் பி.ஏ., பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்த பிறகுதான் கப்பலேறினார். பதினெட்டு வயதில் நேராக முதலாம் ஆண்டு வகுப்பில் போய் உட்காருவது அன்றைக்கும் வழக்கமில்லை, இன்றைக்கும் கூட்டம் குறைந்த பாதைதான்.

அந்த நடு ஆண்டுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி ஜே.இ.இ. அட்வான்ஸ்டு. அதில் தேறியவர்களுக்கு இன்ஜினியரிங், இயற்கை அறிவியல் பாடங்களில் நேரடியாக விண்ணப்பிக்கும் தகுதி கிடைக்கிறது. நடு ஆண்டே தேவையில்லை. ஆனால் அதில் தேறும் பிள்ளை பெரும்பாலும் ஐ.ஐ.டி. பக்கம் பார்க்கும். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, இங்கேயே அங்கீகாரம் பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டை வெற்றிகரமாக முடித்துவிட்டுப் போவது. அப்போது அதே துறையிலோ அதை ஒட்டிய துறையிலோ மட்டும் நேரடிச் சேர்க்கைக்குத் தகுதி வரும். மெக்கானிக்கல் படித்தவர் அங்கே போய்ப் பொருளாதாரம் படிக்க முடியாது. “வெற்றிகரமாக” என்ற சொல்லை மகாராஷ்டிரத்துப் பிள்ளைகள் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். நம் ஊரில் ஏ.டி.கே.டி. என்ற சலுகை உண்டு. இரண்டு தாள் போனாலும் அடுத்த ஆண்டுக்கு ஏற்றிவிடுவார்கள், பிறகு எழுதிக்கொள்ளலாம். ஜெர்மனிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர் அந்தச் சலுகை இல்லாததுபோல் நினைத்து எல்லாத் தாளையும் முதல் தடவையிலேயே தேறுவது நல்லது.

மூன்றாவது, ஸ்டூடியன்கொலெக். ஜெர்மனியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் ஓராண்டு ஆயத்தக் கல்லூரி. ஹைடல்பெர்க், கார்ல்ஸ்ருஹே, ஹானோவர், லைப்சிக், மியூனிக், டார்ம்ஸ்டாட் என்று பல ஊர்களில் அரசு நடத்துபவை இருக்கின்றன. இரண்டு செமஸ்டர். எந்தப் பட்டம் படிக்கப் போகிறீர்களோ அதற்கேற்ற பிரிவில் சேர வேண்டும். இன்ஜினியரிங், கணிதம், இயற்பியலுக்கு டி பிரிவு. மருத்துவம், உயிரியலுக்கு எம். பொருளாதாரம், வணிகத்துக்கு டபிள்யூ. வரலாறு, சமூகவியல், ஜெர்மன் இலக்கியம் போன்றவற்றுக்கு ஜி. மொழிப் படிப்புகளுக்கு எஸ். முடிவில் ஃபெஸ்ட்ஷ்டெல்லுங்ஸ்ப்ரூஃபுங் என்று நாக்கைச் சுழற்றும் பெயரில் ஒரு தகுதித் தேர்வு. அதன் மதிப்பெண்ணும் உங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் சேர்ந்துதான் பல்கலைக்கழகச் சேர்க்கையை முடிவு செய்யும்.

ஸ்டூடியன்கொலெக்கில் சேர்வதற்கே ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. டி பிரிவென்றால் ஜெர்மனும் கணிதமும். கணிதத்தில் பயமில்லை, நம் பதினொன்றாம் வகுப்புப் பாடம் கைவசம் இருந்தால் போதும். பலர் கழன்றுவிழுவது ஜெர்மன் தாளில். விண்ணப்பிக்கவே பி1 என்னும் மொழித் தேர்ச்சி நிலையைக் கேட்கும் இடங்கள் உண்டு. அதற்கு அடுத்த படியான பி2 கேட்பவையும் உண்டு. பி1 சான்றிதழோடு பி2 கேள்வித்தாள் முன்னால் உட்காரும் பிள்ளையின் நிலை கஷ்டம். காலியிடமோ குறைவு, உலகின் பல நாடுகளிலிருந்தும் வந்து எழுதுகிறார்கள்.

இரண்டாவதா, மூன்றாவதா? செலவை மட்டும் பார்த்தால் இரண்டாவது. வீட்டுச் சாப்பாடு, பஸ் பாஸ், உள்ளூர் கல்லூரி ஃபீஸோடு அந்த ஆண்டு போய்விடும். ஆனாலும் அரசு ஸ்டூடியன்கொலெக்கில் இடம் கிடைக்கிற பிள்ளைக்கு அதையே நான் சொல்வேன். காரணம் மொழி. புனேயில் உட்கார்ந்து சி1 சான்றிதழ் வாங்கிவிடலாம். சான்றிதழ் வாங்கிய காதுக்கும், முந்நூறு பேர் உட்கார்ந்த அரங்கில் பவேரியக் கொச்சையோடு பேசும் பேராசிரியரைப் பின்தொடரும் காதுக்கும் நிறைய வித்தியாசம். ஸ்டூடியன்கொலெக்கில் இயற்பியலையும் கணிதத்தையும் ஜெர்மனிலேயே சொல்லித் தருகிறார்கள், தப்பாகப் பேசினால் திருத்துகிறார்கள், கூட இருக்கும் எல்லோரும் உங்களைப் போலவே தடுமாறுகிறவர்கள். அந்த ஓராண்டைக் கடந்தவர் முதல் செமஸ்டரில் தடுக்கி விழுவது குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. தனியார் ஸ்டூடியன்கொலெக்குகள் பல வந்துவிட்டன. கட்டணம் லட்சக்கணக்கில். சில ஒழுங்கானவை, அரசு அங்கீகாரம் பெற்றவை. மற்றவை வெறும் டியூஷன் சென்டர்கள். கன்சல்டன்சிக்காரர் வண்ணப் புத்தகம் நீட்டும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசித் தேர்வை யார், எந்த மாநில அரசின் அதிகாரத்தில் நடத்துகிறார்கள்? பல்கலைக்கழகத்துக்கு வேண்டியது அந்தத் தேர்வின் சான்றிதழ்தான். நிறுவனம் அச்சடித்துத் தரும் தாளை யாரும் பார்க்கப் போவதில்லை.

மொழி எவ்வளவு வேண்டும், அதற்கு எவ்வளவு காலம் ஆகும்? ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள். பல்கலைக்கழகம் கேட்பது பொதுவாக சி1 மட்டம். டெஸ்ட்டாஃப் தேர்வில் நான்கு பகுதியிலும் நான்கு, அல்லது டி.எஸ்.ஹெச். தேர்வில் இரண்டாம் நிலை, அல்லது டெல்க் சி1 ஹோக்ஷூலே. ஸ்டூடியன்கொலெக் வழியாகப் போனால் அந்தக் கடைசித் தேர்விலேயே ஜெர்மன் தாள் அடங்கிவிடும். ஜெர்மன் மொழியைக் கற்பிக்கும் கேத்தே நிலையம் சொல்லும் கணக்குப்படி பி2 வரை எட்ட 600 முதல் 800 பாடவேளைகள், சி1-க்கு 800 முதல் 1,000. ஒரு பாடவேளை 45 நிமிடம். 600 பாடவேளை என்றால் 450 மணி நேரம். சனி, ஞாயிறு இரண்டிரண்டு மணி நேரம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு இது இரண்டு வருஷத்துக்கும் மேல். அதாவது பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய கோடை விடுமுறையில் ஏ1 தொடங்கினால்தான் பன்னிரண்டாவது முடிந்த சில மாதங்களில் பி2 பக்கத்தில் வரும். நுழைவுத் தேர்வுக் கோச்சிங்கும் போர்டு பரீட்சையும் அதே இரண்டு வருஷத்தில் வந்து உட்காரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இந்த விஷயத்தில் புனேக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜெர்மன் சொல்லித் தருவதில் இந்த ஊருக்குப் பழைய பெயர் உண்டு. போட் கிளப் ரோட்டில் கேத்தே நிலையத்தின் மாக்ஸ் முல்லர் பவன். எஃப்.சி. ரோட்டில் ரானடே இன்ஸ்டிட்யூட் என்று எல்லோரும் சொல்லும் பல்கலைக்கழகத்தின் அயல்மொழித் துறை. கசார்வாடியில் மெட்ரோ ஏறி, சிவில் கோர்ட்டில் மாறி, ரூபி ஹாலில் இறங்கினால் போட் கிளப் ரோடு பக்கம்தான். முன்பெல்லாம் இதே பயணத்துக்கு லோக்கல், ஷேர் ஆட்டோ என்று பாதி நாள் போய்விடும். இன்னொரு வசதி, பல ஜூனியர் கல்லூரிகளில் பதினொன்று, பன்னிரண்டில் ஜெர்மனை மொழிப்பாடமாகவே எடுக்கலாம். ஆனால் அதை மதிப்பெண்ணுக்காக எடுக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய பிள்ளை பேக்கரியில் ரொட்டி கேட்கத் திணறும். கல்லூரிப் பாடத்தை நம்பி வெளி வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

காகித வேலைக்கு வருவோம். 2022 நவம்பர் முதல், ஜெர்மன் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் இந்தியர்கள் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும். புது தில்லியில் இருக்கும் அந்த அலுவலகம் உங்கள் மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவையா என்று சரிபார்த்துச் சான்று தரும். கட்டணம் 18,000 ரூபாய் என்று தொடங்கினார்கள். போலிச் சான்றிதழ்கள் பெருகிய பிறகு வந்த ஏற்பாடு இது. விண்ணப்பங்களைப் பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாக வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்குக் கடைசி நாள் பொதுவாக ஜூலை 15. ஏப்ரலில் தொடங்கும் கோடைப் பருவத்துக்கு ஜனவரி 15. ஸ்டூடியன்கொலெக் சில இடங்களில் இன்னும் முன்னதாகவே கதவை மூடிவிடும்.

இப்போது நம் ஊர்க் காலண்டரை அதன் பக்கத்தில் வையுங்கள். மகாராஷ்டிர போர்டு முடிவு மே மாதம். ஒரிஜினல் மதிப்பெண் பட்டியல் கைக்கு வர மேலும் சில நாள். அதை வைத்து ஏ.பி.எஸ்., அது வந்ததும் யூனி-அசிஸ்ட், ஜூலை 15-க்குள். எல்லாம் சரியாக நடந்தாலும் மூச்சு முட்டும். அதனால்தான் ஜனவரி 15-ஐக் குறிவைத்து, இடைப்பட்ட ஆறு மாதத்தை முழுநேர ஜெர்மன் வகுப்புக்குக் கொடுப்பதைத் தெரிந்தவர்கள் செய்கிறார்கள். “ஒரு வருஷம் வீணாப் போகுதே” என்று பாட்டி அங்கலாய்ப்பார். அங்கே முதலாம் ஆண்டு வகுப்பில் பத்தொன்பது, இருபது வயதுக்காரர்கள் சாதாரணம். வயதை யாரும் கேட்பதில்லை.

மதிப்பெண்ணை அவர்கள் தலைகீழாகப் போடுகிறார்கள். 1 என்றால் அதி உயர்வு, 4 தேர்ச்சி எல்லை, 5 தோல்வி. நம் சதவீதத்தை அந்த அளவுகோலுக்கு மாற்ற பவேரிய வாய்பாடு என்று ஒன்று இருக்கிறது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் எடுத்ததைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். மகாராஷ்டிர போர்டில் தேர்ச்சி 35. 82 சதவீதம் எடுத்த பிள்ளைக்கு 100 கழித்தல் 82, 18. 100 கழித்தல் 35, 65. 18-ஐ 65-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 0.83. ஒன்றைக் கூட்டினால் 1.83. நல்ல மதிப்பெண்தான், தலை நிமிர்ந்து விண்ணப்பிக்கலாம். இடக் கட்டுப்பாடு உள்ள படிப்புகளில், உதாரணமாக உளவியலில், இந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்தான் தலையெழுத்து. மெக்கானிக்கல், இயற்பியல் போன்றவற்றில் பல இடங்களில் கட்டுப்பாடே இல்லை, தகுதி இருந்தால் இடம் உண்டு.

அந்த 1.83-ஐ அவர்கள் 1,83 என்று எழுதுவார்கள். தசமத்துக்குக் கால்புள்ளி, ஆயிரத்துக்கு முற்றுப்புள்ளி. 11.904 யூரோ என்று கடிதத்தில் பார்த்துவிட்டு, பன்னிரண்டு யூரோ கூட இல்லையே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அது பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு.

அந்த எண்ணுக்கு நாம் எப்படியும் வந்தாக வேண்டும். ஃபீஸ் இல்லை என்பது பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தும். செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புக் கட்டணம் மட்டும், பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதில் அடக்கம். விதிவிலக்குகள் முக்கியமானவை. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ருஹே, ஹைடல்பெர்க் எல்லாம் இருக்கும் பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து இளநிலைக்கு 2,000 முதல் 3,000 யூரோ. கார் கம்பெனிகளின் பெயரைக் கேட்டு ஆசைப்படும் நம் பிள்ளைகள் முதலில் கைகாட்டுவது இந்த இடங்களைத்தான். ஆஹன், டிரெஸ்டன், பிரவுன்ஷ்வைக் போன்றவற்றையும் பட்டியலில் வையுங்கள்.

ஃபீஸ் இல்லாத இடத்திலும் சாப்பிட வேண்டும், தங்க வேண்டும். அதற்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்கு முன்பே காட்ட வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் என்று நம் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 12 லட்சம். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக அவிழ்த்துவிடுவார்கள். இது அரசாங்கத்துக்குக் கட்டும் பணமல்ல, உங்கள் பிள்ளையின் சாப்பாட்டுக் காசு. வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் பணம் காட்ட வேண்டும். ஆக ஸ்டூடியன்கொலெக் ஓராண்டு, பட்டப்படிப்பு மூன்றாண்டு, மொத்தம் நான்காண்டுக்கு 48 லட்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் மூன்றாண்டில் முடிப்பதில்லை, அரை ஆண்டோ ஓர் ஆண்டோ கூடும். 992 யூரோ லைப்சிக்கில் ஓரளவு கட்டுப்படியாகும், மியூனிக்கில் வாடகையே பாதிக்கு மேல் தின்றுவிடும்.

பகுதிநேர வேலை? 2024 மார்ச் முதல் மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 12.82 யூரோ. இரண்டாம் ஆண்டிலிருந்து இது கணிசமாகக் கை கொடுக்கும், ஜெர்மன் பேசும் பிள்ளைக்கு வேலையும் சுலபமாகக் கிடைக்கும். முதல் ஆண்டுக் கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்கிவிட்டு வந்து இயற்பியலை ஜெர்மனில் படிக்க முடிகிறதா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

உள்ளே போனபின் படிப்பு எப்படி இருக்கும் என்பதைக் கன்சல்டன்சிகள் பேசுவதே இல்லை. இளநிலைக்கு ஆறு செமஸ்டர், 180 ஈ.சி.டி.எஸ். புள்ளி. பெரிய அரங்கில் விரிவுரை. வருகைப் பதிவு பெரும்பாலும் கிடையாது, வரவில்லையென்றால் வீட்டுக்கு மெசேஜ் போகாது. கணிதம், இயற்பியல் போன்ற பாடங்களில் வாரா வாரம் ஒரு பயிற்சித் தாள் கொடுப்பார்கள். நான்கோ ஐந்தோ கணக்கு இருக்கும். “மதிப்பைக் காண்க” என்று நாம் பழகியது அபூர்வம், “நிறுவுக” என்பதே அதிகம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போட்டுக் கொடுக்கலாம். மூத்த மாணவர் ஒருவர் திருத்தி, அடுத்த வாரச் சிறு வகுப்பில் யாரையாவது போர்டுக்குக் கூப்பிடுவார். பல பாடங்களில் இந்தத் தாள்களில் பாதிப் புள்ளியாவது எடுத்தால்தான் இறுதித் தேர்வு எழுத விடுவார்கள். ஆனால் அந்தப் புள்ளிகள் மதிப்பெண்ணில் சேராது. மதிப்பெண் முழுவதும் செமஸ்டர் கடைசியில் எழுதும் ஒரே தேர்வில். இன்டர்னல், வைவா, அசைன்மென்ட் என்று இருபது முப்பது மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது தூக்கிவாரிப்போடும்.

இதைவிடக் கடுமையானது மறுதேர்வு விதி. ஒரு கட்டாயப் பாடத்தைப் பெரும்பாலான இடங்களில் மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. வேறு துறைக்கு மாறலாம், அதற்கு வசிப்பு அனுமதி அலுவலகத்தையும் கேட்க வேண்டும். நம் ஊரில் அரியர் வைத்து அரியர் வைத்து ஏழாவது வருஷத்தில் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. அந்தக் கதையெல்லாம் அங்கே நடக்காது. இந்த விதிக்காகவே சொல்கிறேன், தேற்றத்தை நிறுவுவதில் பிரியமில்லாத, கருவியைக் கையில் எடுத்தால் முகம் மலரும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தைவிட ஹோக்ஷூலே என்னும் செயல்முறைக் கல்லூரி பொருத்தம். வகுப்பு சிறியது, கம்பெனியில் ஒரு செமஸ்டர் பயிற்சி பாடத்திட்டத்திலேயே வரும், பட்டத்தின் மதிப்பும் குறைவில்லை. பேரில் “பல்கலைக்கழகம்” இல்லையே என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும்.

மருத்துவம் படிக்க ஆசைப்படுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே மருத்துவம் ஆறாண்டுக்கு மேல், அரசுப் பல்கலைக்கழகங்களில் ஜெர்மனில், இடம் கிடைப்பது மிகக் கடினம். படித்து அங்கேயே மருத்துவராக இருந்துவிடுவதாக இருந்தால் சரி. திரும்பி வந்து பிம்ப்ரியில் கிளினிக் போடும் எண்ணம் இருந்தால், நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளைப் படியுங்கள். வெளிநாட்டு மருத்துவப் பட்டம் ஆங்கிலவழியில் படித்ததாக இருக்க வேண்டும் என்கின்றன அவை. நீட் தேர்ச்சியும் வேண்டும்.

ஜெர்மன் மொழிப் பல்கலைக்கழகம் ஜெர்மனியில் மட்டும் இல்லை. வியன்னாவில் வெளிநாட்டவருக்குச் செமஸ்டர் கட்டணம் 726.72 யூரோ. சூரிச்சின் ஈ.டி.ஹெச்.-இல் இளநிலை ஜெர்மனில்தான், நுழைவுத் தேர்வு மிகக் கடினம், 2025 இலையுதிர் காலம் முதல் வெளிநாட்டவருக்குக் கட்டணத்தை மூன்று மடங்காக்கி 2,190 பிராங்க் ஆக்கியிருக்கிறார்கள். சுவிஸ் விலைவாசியைக் கேட்டபின் பெரும்பாலானோர் ஜெர்மனிக்கே திரும்பிவிடுகிறார்கள்.

ஸ்டூடியன்கொலெக் கடைசித் தேர்வில் தோற்றால் ஒரே ஒரு முறை திரும்ப எழுதலாம். அதுவும் போனால் அந்தக் கதவு மூடிவிடும். ஆகவே பன்னிரண்டாவது முடித்த ஆண்டில் மகாராஷ்டிர நுழைவுத் தேர்வான எம்.ஹெச்.டி.-சி.இ.டி.யையும் எழுதி, உள்ளூரில் ஒரு சீட் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதைப் பயந்த சுபாவம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜனவரியில் அனுப்பும் ஸ்டூடியன்கொலெக் விண்ணப்பத்துக்குப் பதில் சாதகமாக வந்தால் போகலாம். வராவிட்டால் மே மாதத்தில் முதலாம் ஆண்டுத் தேர்வு எழுதி, எல்லாத் தாளும் தேறி, மாலை வகுப்பில் ஜெர்மனையும் சி1-க்கு ஏற்றிவிட்டால், அதே பிள்ளை இரண்டாவது வழியில் நேரடிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். ஏ.பி.எஸ்.-க்கு அப்போது கல்லூரி மதிப்பெண் பட்டியலும் சேர்ந்து போக வேண்டும். பல்கலைக்கழகத்தின் முத்திரையும் கையெழுத்தும் உள்ள ஒரிஜினல். அதைக் கல்லூரி ஆபீஸில் கேட்டு வாங்க எடுக்கும் நாளையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.